கம்பிக்கு ஓர் ஆசான்

இந்திய ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் முகாம்களில், பொழுது புலரும் முன்பே மைதானத்தில் கூடிவிடும் இளைஞர்கள், ஓட்டப் பந்தயத்தை முடித்து இன்னும் மூச்சு அடங்காத நிலையில் சந்திக்க வேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. அதனைப் 'பீம்' என்று வழங்குகிறார்கள். தலைக்கு மேலே கிடையாகப் பொருத்திய கம்பியை இரு கைகளாலும் பற்றித் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும் வரையில் தன் தேகத்தைத் தானே இழுத்து உயர்த்துவதும், மறுபடி கைகள் நீளும் வரையில் இறங்குவதுமே அந்தப் பரீட்சை. உடற்பயிற்சிக் கூடங்களில் இதற்குப் 'புல்-அப்' என்று பெயர். நம் ஊர்ப் பையன்கள் 'பார் எடுக்கிறது' என்பார்கள். பத்து முறை இழுப்பவனுக்கு 40 மதிப்பெண், ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16 என்று ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள் கூறுகின்றன. ஆறுக்கும் கீழே நின்றுவிட்டவன் வீடு திரும்ப வேண்டியதுதான்.

வேண்டிய சாதனம் ஒரு கம்பி மட்டுமே ஆதலால், இதற்கு ஆசிரியர் எதற்கு என்னும் எண்ணம் எவருக்கும் எழும். நீச்சலுக்கும் சிலம்பத்துக்கும் குரு வேண்டுமென்று தயங்காமல் ஒப்புக்கொள்பவர்கள்கூட, தொங்கி எழுவதற்குக் கையும் வைராக்கியமும் இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, வைராக்கியத்தாலேயே பத்தைத் தாண்டியவர்கள் உண்டு. ஆனால் அதே வைராக்கியத்தோடு, அதே கம்பியில், மாதக்கணக்கில் ஐந்திலோ ஆறிலோ அசையாமல் நிற்பவர்கள் அவர்களைக் காட்டிலும் அதிகம் என்பதை எந்த ஊர் மைதானத்திலும் காணலாம். பார்வைக்கு ஒரே அசைவாகத் தோன்றும் இந்த அப்பியாசம் பாதியில் நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எது தன்னுடையது என்பதைத் தொங்கிக்கொண்டிருப்பவன் தானாக அறிவது அரிது, ஏனெனில் வேலை செய்யும் தசைகளில் பெரும்பாலானவை அவன் முதுகில் இருக்கின்றன, அவன் கண்களோ கம்பியில் இருக்கின்றன. இதற்கென்றே ஒரு பயிற்சியாளரைத் தேடுபவர், அந்தக் காரணங்களைப் பிரித்துக் காணத் தெரிந்த ஒருவரைத்தான் தேடுகிறார். அப்படிப்பட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சாஸ்திரம் என்ன என்பதை முதலில் பார்ப்போம். அது தெரிந்தால் ஆளைப் பரீட்சிப்பது எளிது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் தம் தேகத்தை 60 சென்டிமீட்டர் உயர்த்துவதாக வைத்துக்கொண்டால், அவர் செய்யும் வேலை ஏறக்குறைய 350 ஜூல். அதனை ஒரு விநாடியில் முடித்தால், அந்த விநாடியில் அவருடைய தசைகள் அரைக் குதிரைத்திறனுக்குச் சற்றே குறைந்த திறனில் இயங்குகின்றன. கைகளையும் முதுகையும் மட்டும் கொண்டு செய்யும் வேலைக்கு இது மிகவும் பெரிது. ஆயினும் மொத்தச் செலவு அற்பமானது. உணவிலிருந்து பெறும் சக்தியில் சுமார் நான்கில் ஒரு பங்கைத்தான் தசை வேலையாக மாற்றுகிறது என்பதைக் கணக்கில் கொண்டாலும், ஒரு முறை மேலே எழுவதற்கு ஒரு கிலோ கலோரியில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும். பத்து முறை ஏறி இறங்கினாலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் உள்ள சக்தி தீராது. ஆகவே, கம்பியில் தொங்கியே தொந்தியைக் கரைத்துவிடலாம் என்று வாக்களிக்கும் பயிற்சியாளரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் விடைபெற்றுக்கொள்ளலாம்.

மூட்டை சுமப்பதில் வல்லவரான பெருத்த தேகத்தினர் இந்தக் கம்பியின் கீழே தோற்றுப்போக, மெலிந்த பையன் ஒருவன் அனாயாசமாகப் பன்னிரண்டு எடுப்பதைக் கண்டு பலர் வியப்பதுண்டு. இதற்குரிய கணக்கைக் கலிலியோ, 1638ஆம் ஆண்டு லெய்டன் நகரில் வெளியான தமது இறுதி நூலிலேயே, விலங்குகளின் எலும்புகளை முன்னிட்டு விளக்கிவிட்டார். உருவம் பெரிதாகும்போது பரப்பு நீளத்தின் இருமடியாகவும், கன அளவு மும்மடியாகவும் பெருகுகின்றன. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தேகத்தின் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரே வகையான அமைப்புடைய இருவரில் ஒருவர் மற்றவரைக் காட்டிலும் 10 சதவீதம் உயரமானவர் என்றால், அவருடைய வலிமை 21 சதவீதம் கூடுதலாக இருக்கும்போது எடை 33 சதவீதம் கூடுதலாக இருக்கும். உயரமானவர் சோம்பேறி என்று தீர்ப்பளிப்பதற்கு முன்னால் பயிற்சியாளர் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது தர்மம்.

இன்னொரு கணக்கு இதைக் காட்டிலும் பயனுள்ளது. 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், தன் கால்பந்து வீரர்களுக்கு வலிமைப் பயிற்சி அளிப்பதற்கென்றே பாய்ட் எப்லி என்னும் இளைஞரை நியமித்தது. எடை தூக்கினால் தசை இறுகி ஆட்டத்தின் வேகம் குறைந்துவிடும் என்று விளையாட்டு ஆசிரியர்கள் பலர் அஞ்சிய காலம் அது. வலிமை ஒன்றையே தொழிலாகக் கொண்ட பயிற்சியாளர் என்னும் வர்க்கம் உருவானதில் அந்த நியமனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1978இல் அவரே அத்தகையோருக்கென ஒரு தேசிய சங்கத்தையும் தோற்றுவித்தார். அவர் பெயரால் வழங்கும் சூத்திரம் மிகவும் எளியது: ஓர் எடையை எத்தனை முறை தூக்க முடிகிறதோ அந்த எண்ணை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வந்ததை அந்த எடையால் பெருக்கினால், ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை கிடைக்கும். தோராயமான கணக்கே ஆயினும், பத்து முறை வரையில் இது பெரிதும் பிசகுவதில்லை.

இதனைக் கம்பிக்குப் பொருத்திப் பார்ப்போம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு முறை எடுக்கிறார் என்றால், அவருடைய உச்ச பலம் 90 கிலோ. அதாவது, இடுப்பில் 15 கிலோ கட்டிக்கொண்டு ஒரு முறை எழ வல்லவர். பத்து எடுக்க வேண்டுமானால் அந்த உச்சம் 100 கிலோவாக வேண்டும். அல்லது, பலம் 90 கிலோவிலேயே நிற்க, தேகத்தின் எடை 67.5 கிலோவுக்கு இறங்கினாலும் விடை பத்துதான். பத்து கிலோ பலத்தைக் கூட்டுவதும் ஏழரைக் கிலோ கொழுப்பைக் குறைப்பதும் ஒரே இடத்துக்குச் செல்லும் இரு வழிகள். அவற்றுள் எது தமக்கு உரியது, இரண்டையும் கலந்து எடுத்துக்கொள்ளலாமா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 55 கிலோ எடையுள்ள ஒரு மாணவனுக்கும் 90 கிலோ எடையுள்ள ஓர் அலுவலருக்கும் ஒரே அச்சடித்த தாளை நீட்டுகிறவர், நிபுணர் என்ற பெயருக்கு உரியவராக மாட்டார்.

பலம் என்றால் தசையின் பருமன் என்று பலரும் எண்ணுகிறார்கள். 1894ஆம் ஆண்டிலேயே ஏல் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரும் அவருடன் பணிபுரிந்தோரும், ஒரு கையை மட்டும் பயிற்றினால் பயிற்சி பெறாத மற்றக் கையின் பலமும் கூடுகிறது என்னும் விசித்திரமான உண்மையைக் கண்டார்கள். சும்மா இருந்த கையின் தசை பருத்திருக்க நியாயமில்லை. மாறியது நரம்பு மண்டலம். 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்னும் இருவர், முழங்கையை மடக்கும் தசைகளுக்கு எட்டு வாரம் பயிற்சியளித்து, அத்தசைகளில் எழும் மின்குறிகளை அளந்து, ஆரம்ப வாரங்களில் ஏறும் பலத்தின் பெரும்பகுதி நரம்பின் தேர்ச்சியால் வருவது என்றும், தசை பருப்பதன் பங்கு பிற்பாடுதான் மேலோங்குகிறது என்றும் காட்டினார்கள். ஒரு தசையில் உள்ள நார்கள் யாவும் ஒரே காலத்தில் கட்டளை ஏற்பதில்லை. சிறிய தொகுதிகள் முதலிலும், தேவை மிகும்போது பெரிய தொகுதிகள் பின்னரும் வேலைக்கு வருகின்றன. பயிற்சியற்றவர் எத்தனை முயன்றாலும் அந்தப் பெரிய தொகுதிகளை முழுமையாக அழைக்க அவருடைய நரம்புகளுக்குப் பழக்கம் இருப்பதில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, எந்த ஆசிரியரிடம் சேர்ந்தாலும் முதல் மாதத்தில் எண்ணிக்கை கூடவே செய்யும். அந்த ஏற்றத்தின் புகழை முழுவதும் அவருக்குச் சூட்டிவிடுவது அவசரம். இரண்டாவது, நரம்பு கற்றுக்கொள்வது களைத்துத் துவண்ட நிலையில் நன்றாக நடப்பதில்லை. ஒவ்வொரு நாளும் கை வழுக்கி விழும் வரையில் இழுத்தால்தான் பயிற்சி என்று எண்ணுகிறவர், களைப்போடு இழுக்கும் கோணல் அசைவையே தம் நரம்புகளுக்குப் பாடமாக ஊட்டுகிறார். தம் உச்ச எண்ணிக்கையில் பாதியை மட்டும், ஆனால் ஒரு நாளில் பல தடவை, போதிய இடைவெளி விட்டு எடுக்கும் ஒரு முறையை, மின்ஸ்க் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பேவெல் ட்சட்சுலின் பிரபலப்படுத்தியிருக்கிறார். ஆறு எடுப்பவர் காலையில் மூன்று, குளிப்பதற்கு முன் மூன்று, மாலையில் மூன்று என்று எடுப்பது விளையாட்டைப் போலத் தோன்றினும், எண்ணிக்கை தேங்கி நிற்பவர்கள் பரீட்சித்துப் பார்க்கத் தகுந்த உபாயம் அது.

இனி, பயிற்சியாளரின் கண்ணுக்கு வருவோம். நாடி பார்த்த பின்பே மருந்து சொல்லும் வைத்தியரைப்போல, இவரும் முதல் நாள் உங்களைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பேசாமல் பார்க்க வேண்டும். அவர் பார்ப்பது எண்ணிக்கையை மட்டுமன்று. எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்பதை. கைகள் நீண்டு தொங்கும் நிலையில் தோள்பட்டை எலும்புகள் காதுவரை உயர்ந்திருக்கின்றன. முழங்கை மடங்குவதற்கு முன்னால் அவை கீழே இறங்கி நிலைபெற வேண்டும். முதுகின் நடுவே சரிவகத் தசையின் கீழ்ப்பகுதி அந்த வேலையைச் செய்கிறது. அது நிகழாமல் முழங்கையை மடக்கி எழ முயல்பவர்கள் முதல் சாணிலேயே திணறுகிறார்கள். அவர்களுக்கு, கைகளை மடக்காமல் தொங்கிய நிலையிலேயே தோள்பட்டைகளை இறக்கியும் ஏற்றியும் பழகும் எளிய பயிற்சி ஒன்று போதும்.

அடுத்து, நடுப்பகுதி. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தும் கீழ்முதுகிலிருந்தும் புறப்பட்டு, அக்குளின் வழியாக மேற்கை எலும்பில் சென்று பற்றும் அகன்ற முதுகுத் தசையே இங்கே பிரதானமான தொழிலாளி. நம் உடற்பயிற்சிக் கூடங்களில் இதனை 'விங்ஸ்' என்கிறார்கள். கடைசியில், மோவாய் கம்பியை எட்டுவதற்கு நாலு விரல் குறைவாக நின்றுவிடுபவர்களின் குறை வேறு: அந்த இடத்தில் முழங்கையை மடக்கும் தசைகள் ஏற்கனவே மிகவும் சுருங்கிவிட்டிருக்கின்றன, முழுதும் சுருங்கிய தசையின் இழுவிசை குறைவு. அவர்களைக் கம்பிக்கு மேலே மோவாயை வைத்த நிலையில் சில விநாடிகள் அசையாமல் நிற்கச் செய்ய வேண்டும். இவை எதுவுமே இல்லாமல், விரல்கள் விரிந்து பிடி நழுவுவதால் மட்டும் தோற்பவர்களும் உண்டு. அவர்களுடைய முதுகை எத்தனை வளர்த்தாலும் பயனில்லை.

உள்ளங்கை முன்னே பார்க்கும் பிடிக்கும், தம்மைப் பார்க்கும் பிடிக்கும் உள்ள வேற்றுமையும் இவ்வாறே. 2010இல் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்தவர்கள் தசைகளின் மின்குறிகளை அளந்தபோது, உள்ளங்கை தம்மைப் பார்க்கும் பிடியில் மேற்கையின் இருதலைத் தசையும் மார்புத் தசையும் கூடுதலாக உழைப்பதையும், முன்னே பார்க்கும் பிடியில் சரிவகத் தசையின் கீழ்ப்பகுதி கூடுதலாக உழைப்பதையும் கண்டார்கள். முதல் இழுப்பே வராதவர்க்கு உள்ளங்கை தம்மைப் பார்க்கும் பிடியைக் கொடுத்துத் தொடங்குவது அதனால்தான்.

பார்த்ததைச் சொல்லும் விதத்திலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. உடலின் உறுப்பை நினைத்துக்கொண்டு ஓர் அசைவைச் செய்பவரைக் காட்டிலும், அந்த அசைவால் வெளியே நிகழும் விளைவை நினைத்துக்கொண்டு செய்பவர் விரைவில் தேர்கிறார் என்பதை, 1998 முதற்கொண்டு காப்ரியேல் வுல்ஃப் என்னும் அம்மையார் பல பரிசோதனைகளால் காட்டி வந்திருக்கிறார். "முதுகுத் தசையைச் சுருக்கு" என்று கூவுகிற ஆசிரியரைவிட, "முழங்கைகளைக் கால்சட்டைப் பைக்குள் இறக்கு" என்றோ "கம்பியை மார்புக்கு இழுத்துக்கொண்டு வா" என்றோ சொல்லும் ஆசிரியரிடம் மாணவன் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான்.

ஒரு முறைகூட எழ முடியாதவர்க்கு எதைக் கொடுப்பது என்பதே இந்தக் கலையில் உண்மையான பரீட்சை. இங்கே நமக்கு உதவுவது, 1952இல் லண்டன் யூனிவர்சிடி கல்லூரியைச் சேர்ந்த அபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவரும் செய்த ஓர் அழகிய பரிசோதனை. நிலைநிறுத்திய இரு சைக்கிள்களைப் பின்னும் பின்னுமாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் தம் மிதிகட்டைகள் பின்னோக்கிச் சுழல்வதை எதிர்த்துத் தடுப்பார். இருவர் கால்களும் ஒரே விசையைத்தான் தாங்குகின்றன. ஆனால் முன்னவரின் தசைகள் சுருங்கிக்கொண்டே விசையைத் தருகின்றன, பின்னவரின் தசைகள் நீண்டுகொண்டே தருகின்றன. செலவாகும் பிராணவாயுவை அளந்து பார்த்தால், தடுப்பவரின் செலவு மிதிப்பவரின் செலவைக் காட்டிலும் பல மடங்கு குறைவு. ராயல் சொசைட்டியில் இதனைக் காட்டியபோது, தடுக்கும் ஆசனத்தில் அமர்ந்த இளம்பெண் ஒருவர், மிதித்துக்கொண்டிருந்த வாட்டசாட்டமான இளைஞரைச் சிரமமில்லாமல் களைக்கச் செய்துவிட்டார் என்பது அத்துறையினர் இன்றும் ரசித்துச் சொல்லும் செய்தி.

சுருங்கும் தசையைவிட நீளும் தசை அதிக விசையைத் தாங்கும் என்பது அதே கல்லூரியின் ஆர்ச்சிபால்ட் ஹில், தவளையின் தொடைத் தசையைக் கொண்டு 1938இல் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒட்டி வளர்ந்த அறிவு. கம்பியில் இதன் பொருள் வெளிப்படை: ஏற முடியாதவராலும் இறங்க முடியும். ஒரு முக்காலியின் மேல் ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, ஐந்து விநாடியோ எட்டு விநாடியோ எடுத்து மெல்ல மெல்ல இறங்கப் பழகினால், எழுவதற்கு வேண்டிய பலம் இறங்குவதிலிருந்தே சேருகிறது. இந்தப் பயிற்சியின் மறுநாளும் அதற்கு மறுநாளும் தசைகள் கடுமையாக நோகும் என்பதை முன்கூட்டியே சொல்லி, முதல் வாரத்தில் மிகக் குறைந்த அளவே கொடுப்பவர் அனுபவசாலி. முதல் நாளே இருபது இறக்கம் கொடுப்பவரிடம் மாணவன் மறு வாரம் வரமாட்டான்.

நோவைப் பற்றிப் பேசும்போது தசைநாண்களைச் சொல்லாமல் விடலாகாது. தசை சில வாரங்களில் வலுவடைகிறது. அதனை எலும்போடு பிணைக்கும் நாணோ ரத்த ஓட்டம் குறைந்தது, மாற்றம் அதில் மந்தமாகவே நிகழும். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கதிரியக்கக் கரியைத் தடயமாகக் கொண்டு, 2013இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மனிதரின் குதிகால் நாணைச் சோதித்தபோது, அதன் நடுப்பகுதி ஏறத்தாழப் பதினேழு வயதுக்குள் அமைந்துவிட்டு அதற்குப் பின் புதுப்பிக்கப்படுவதே இல்லையென்று சொல்லத்தக்க நிலையில் இருப்பதைக் கண்டார்கள். முழங்கையின் நாண்களுக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது. ஆயினும் எண்ணிக்கை மளமளவென்று ஏறும் காலத்தில்தான் முழங்கையின் உட்புறத்தில், கைப்பிடித் தசைகள் எலும்பில் பற்றும் இடத்தில், பலருக்கு வலி தொடங்குகிறது. அந்த வலியைப் பற்றி முதல் நாளே விசாரிக்கிற பயிற்சியாளரை நம்பலாம். "வலித்தால்தான் வளரும்" என்பவரை நம்ப வேண்டாம்.

நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றால், அவர்கள் வெவ்வேறு குலங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும். 1811இல் பெர்லின் நகருக்கு வெளியே ஹாஸன்ஹைடே என்னும் இடத்தில் ஃப்ரீட்ரிக் லூட்விக் யான் அமைத்த திறந்தவெளிப் பயிற்சிக் களத்திலிருந்து, கிடைக்கம்பி ஐரோப்பா முழுவதும் பரவியது. பிரஷ்ய அரசு அந்த இயக்கத்தைச் சந்தேகித்து 1820 முதல் 1842 வரையில் தடை செய்திருந்தது என்பது கம்பிக்கும் அரசியல் உண்டென்று காட்டுகிறது. அந்த மரபில் வந்தவர்கள் ஜிம்னாஸ்டிக் பயிற்சியாளர்கள். தோள்பட்டையின் கட்டுப்பாட்டையும் நேரான தேகத்தையும் கற்பிப்பதில் அவர்களுக்கு நிகரில்லை, ஆனால் சிறு வயதினரையே பயிற்றிப் பழகியதால் நாற்பது வயது முழங்கையின் இயல்பு அவர்களிற் பலருக்குத் தெரிவதில்லை. ராணுவ மரபு வேறொன்று: ஆக்ஸ்ஃபோர்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய ஆர்ச்சிபால்ட் மக்லாரன், 1860ஐ ஒட்டிய காலத்தில் பன்னிரண்டு சார்ஜண்டுகளைப் பயிற்றுவித்து, அவர்கள் மூலமாகப் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே பயிற்சி முறை ஒன்றை வகுத்தார், ஒவ்வொருவரின் உயரம், எடை, மார்பு, கை ஆகியவற்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதி வைத்தார் என்பதே அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். இன்று மாவட்டத் தலைநகர்களில் ராணுவத் தேர்வுக்குப் பயிற்சியளிக்கும் முன்னாள் வீரர்கள், எண்ணிக்கையையும் பரீட்சை நாளையும் குறிவைத்து உழைப்பதில் தேர்ந்தவர்கள். தனித்தனியாக அளந்து பார்க்கும் பொறுமையைத்தான் அவர்களிடம் தேடிப் பார்க்க வேண்டும்.

பாறை ஏறுபவர்கள் மூன்றாவது குலம். அமெரிக்கக் கணிதப் பேராசிரியரான ஜான் கில், ஜிம்னாஸ்டிக் பயிற்சியைப் பாறைகளுக்குக் கொண்டுவந்து, ஒரு கையாலேயே தம்மை இழுத்துயர்த்தும் பலத்தைப் பெற்றிருந்தார். 1988இல் ஜெர்மனியின் ந்யூரன்பர்க் நகரில் வொல்ஃப்காங் க்யூலிஷ் என்பவர், மெல்லிய மரச் சட்டங்களை ஏணிபோல் அடுக்கிய பலகையில் கால் படாமல் விரல்களால் தாவி ஏறிப் பழகும் முறையைக் கண்டுபிடித்து, 1991இல் அதுவரை எவரும் ஏறாத கடினமான ஒரு பாறை வழியை ஏறி முடித்தார். பிடி நழுவுவதே குறையாக இருப்பவர்க்கு இந்தக் குலத்தவரைவிடச் சிறந்த ஆசான்கள் இல்லை. உடலை ஊசலாட்டி அந்த வேகத்தில் எண்ணிக்கையைக் கூட்டும் வேறொரு பள்ளியும் உண்டு. போட்டிக்காக அதைச் செய்வோரை நான் குறை கூறவில்லை, தொங்கி நேராக எழும் பலத்தை நாடி வருபவர் அவர்களிடம் போவதில் பொருளில்லை.

பெண்களால் இது ஆகாது என்று கூறும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்க மரைன் படை, பெண்களும் குறைந்தது மூன்று எடுக்க வேண்டும் என்ற விதியை 2014 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவர எண்ணி, பயிற்சி முகாமின் முடிவிலும் பெண்களில் 55 சதவீதத்தினரால் மூன்று இயலவில்லை என்பதால் ஒத்திவைத்த செய்தியை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். எஞ்சிய 45 சதவீதத்தினர் ஒரு சில மாதங்களில் மூன்றோ அதற்கு மேலோ எடுத்தார்கள் என்று அதே எண்ணைப் படிக்கவும் முடியும். பெண்களின் தேகத்தில் மேற்பாதித் தசையின் விகிதம் குறைவு, இயற்கையாக வேண்டிய கொழுப்பின் விகிதம் கூடுதல். ஆதலால் பாதை நீளமானது, இறக்கப் பயிற்சிக்கும் பொறுமைக்கும் இடம் அதிகம். அதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து வேறொன்றும் பெறப்படவில்லை.

பயிற்சியாளர் ஒருவர் உடனிருப்பதால் உண்மையிலேயே நன்மை உண்டா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கனவே ஓரளவு பழகிய ஆண்கள் இரு பிரிவாகி, 12 வாரம் ஒரே திட்டத்தைப் பின்பற்றினார்கள். ஒரு பிரிவுக்கு மேற்பார்வையாளர் இருந்தார், மற்றதற்கு இல்லை. முடிவில், மேற்பார்வை பெற்றவர்களின் பலம் தெளிவாக அதிகம் கூடியிருந்தது. திட்டம் ஒன்றேயாயினும், கண்காணிப்பில் இருந்தவர்கள் எடையை வேகமாகக் கூட்டிக்கொண்டே சென்றார்கள் என்பது காரணம். தனியே பழகுபவர் பலம் கூடிய பின்னும் பழைய எடையிலேயே தங்கிவிடுகிறார்.

தேடிச் செல்பவர் பயிற்சியாளரின் சொந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது எடுப்பவர் பிறவியிலேயே இலேசான தேகமும் குட்டையான கைகளும் வாய்க்கப்பெற்றவராக இருக்கலாம். தாம் ஒரு நாளும் பூஜ்யத்தில் நின்றதில்லை ஆதலால், பூஜ்யத்தில் நிற்பவரின் கஷ்டம் அவருக்குப் புரியாமலும் போகலாம். சுவரில் மாட்டிய வெற்றியாளர் படங்களும் அப்படித்தான். பாதியில் நின்றுபோனவர்களின் படத்தை எவரும் மாட்டுவதில்லை. ஒன்றுமே எடுக்க முடியாமல் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஆறு மாதத்துக்குப் பின் எடுத்தவர்கள் எத்தனை பேர், நடுவில் தோளையோ முழங்கையையோ நோகடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். சரியான எண் சொல்பவர் அபூர்வம். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டுபவர் அதனினும் அபூர்வம், அவரை விடக்கூடாது.

அருகில் அத்தகையவர் இல்லையென்றால் தொலைவில் இருப்பவரும் உதவுவார். கைப்பேசியை இடுப்பளவு உயரத்தில் பக்கவாட்டில் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் வைத்து, சட்டையில்லாமலோ ஒட்டிய பனியனோடோ ஐந்து இழுப்புகளைப் படம் பிடித்து அனுப்பினால், தோள்பட்டை எங்கே பிந்துகிறது, எந்த இடத்தில் வேகம் தளர்கிறது என்பதை அவர் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நேரில் நிற்பவரைக் காட்டிலும் நிதானமாகக் கண்டுகொள்ளலாம். படத்தைப் பாராமலே திட்டத்தை அனுப்பிவைப்பவர், கடையில் விற்கும் ஒரு தாளை நமக்குக் கூடுதல் விலைக்கு விற்கிறார்.

எண்ணிக்கை நகராத வாரங்கள் வந்தே தீரும். அப்போது, "இன்னும் கடினமாக முயலுங்கள்" என்று மட்டும் சொல்பவரும், மூன்று நான்கு விஷயங்களை ஒரே நாளில் மாற்றிவிடுபவரும் ஒருபோல் பயனற்றவர்கள். பின்னவரின் மாற்றங்களில் எது பலித்தது என்பது அவருக்கே தெரியாமற் போகும். தூக்கம், உணவு, எடை, பிடி ஆகியவற்றை விசாரித்து, தாம் முதலில் ஊகித்த காரணம் பிழையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் காத்திருப்பவரே இதில் கைதேர்ந்தவர். இப்படிப்பட்டவரின் கட்டணம் சற்று அதிகமாக இருந்தாலும் செலவு அதிகமாவதில்லை, ஏனெனில் அவரை நாள்தோறும் சந்திக்க வேண்டிய அவசியம் கிடையாது. நரம்பும் நாணும் மாறும் வேகத்துக்கு மாதத்தில் இரண்டு சந்திப்புகள் தாராளம். மற்ற நாட்களில் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவும், மோவாய் கம்பியைத் தாண்டாத இழுப்பை எண்ணாமல் விடவும், ஒளிவு மறைவில்லாத ஒரு சிநேகிதர் போதும்.